நிறுத்தினால் யார் தள்ளுவது

மாதா மாதம் நான் மாப்பிள்ளைக்கு ஒரு கை தைக்கிறேன். மாப்பிள்ளை என்பது வைக்கோல் திணித்த துணிப் பொம்மை. ஆள் உயரம், அண்ணனின் பழைய கால்சட்டை, கோடு போட்ட முழுக்கைச் சட்டை, தலைக்கு ஒரு தலையணை உறை. பள்ளிக்கூட மைதானத்தில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்க, டிராக்டருக்குப் பின்னால் சுழலும் இரும்புத் தண்டின் பக்கம் அவனைக் கொண்டுபோவோம். சட்டைக் கையின் நுனி தண்டில் பட வேண்டியதுதான், கண்ணை மூடித் திறப்பதற்குள் தோளோடு கை போய்விடும். வைக்கோல் நாலா பக்கமும் பறக்கும். பிள்ளைகள் பயந்து நடுங்க வேண்டும் என்பது என் அண்ணியின் திட்டம். பிள்ளைகள் கைதட்டுவார்கள். இன்னொரு தடவை காட்டுங்கள் என்று கேட்பார்கள். மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

அண்ணி அரசு மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போடும் அறையில் நர்ஸ். நான் அதே வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பவள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்று அக்கம்பக்கத்தில் ஆவலோடு காத்திருந்தார்கள். சண்டை நடந்தது, இன்றைக்கும் நடக்கிறது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அவளே ஜெயிப்பதால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு அலுத்துவிட்டது. அண்ணன் எந்தப் பக்கமும் சேரமாட்டான். சத்தம் கேட்டால் செருப்பைத் தேடுவான்.

அண்ணிக்குக் கோபம் மூக்கு நுனியில். காயத்தைக் கழுவும்போது கை பூப்போல இருக்கும், வாய் மட்டும் வெடித்துக்கொண்டிருக்கும். அடிபட்டு வந்தவனையும் திட்டுவாள், அவனைத் தூக்கி வந்தவனையும் திட்டுவாள். அறுவடைக் காலம் வந்தால் அவள் முகமே மாறிவிடும். அந்த மாதங்களில் அவள் அறைக்கு வருவதெல்லாம் கைகள். பெரியவர்களின் கை வந்தால் சாப்பாட்டு நேரத்தில் கதையாகச் சொல்வாள். சின்னக் கை வந்த அன்றைக்கு ஒன்றும் சொல்லமாட்டாள்.

அப்படி ஒரு நாள், தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்டு ஒரு பையன் வந்தானாம். ஒன்றாம் வகுப்போ இரண்டாம் வகுப்போ. அழுது முடித்துவிட்டு, முன்பல் விழுந்திருந்த வாயைத் திறந்து காட்டி, பல் முளைக்கிற மாதிரி விரலும் முளைக்குமா என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறான். அவனுக்கு என்ன பதில் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடுத்த வாரமே பள்ளிக்கூடத் தலைமையாசிரியை முன்னால் போய் நின்று, மாதம் ஒரு சனிக்கிழமை எனக்குப் பிள்ளைகளைக் கொடுங்கள் என்று கேட்டாள். கேட்டாள் என்பது மரியாதைக்குச் சொல்வது.

ஆள் சேர்ந்தது இப்படித்தான்: நான் அவள் வீட்டிலேயே இருப்பதால் தப்பிக்க வழியில்லை. கண்டக்டர் தானாக வந்து மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் விசில் ஊதியே ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர், வீட்டில் மருமகள் டிவி ரிமோட்டைத் தராததால் சமூக சேவைக்கு வந்தவர். செல்போன் வைத்துக்கொள்வதில்லை. வைத்துக்கொண்டால் மகன் கூப்பிட்டு வேலை சொல்வானாம். டிராக்டர் விற்கும் கடைக்காரர் ஒருவர், தன் கடைப் பெயர் தெரிகிற மாதிரி நிறுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு புத்தம் புது வண்டி ஒன்றை வகுப்புக்கு அனுப்பிவைத்தார். சாவியைத் தொட்டாலே கிளம்பிவிடும், அவ்வளவு நல்ல வண்டி. எங்கள் தலையெழுத்து அந்த நல்ல வண்டியில்தான் இருந்தது.

அண்ணியின் பாடம் ஒரே வரிதான். "கை நீளுறதுக்கு முன்னாடி?" என்று அவள் கேட்பாள். "எஞ்சின் நிக்கணும்" என்று பிள்ளைகள் கத்த வேண்டும். கண்டக்டர் ஒற்றை விசில் கொடுப்பார். எது சிக்கினாலும், யார் சிக்கினாலும், பிடித்து இழுக்கப் போகாதே, முதலில் எஞ்சினை நிறுத்து. மற்றதெல்லாம், மருந்து தெளித்த வயலில் விளையாடாதே, தானியக் குவியல் மேல் ஏறிக் குதிக்காதே என்பதெல்லாம், இந்த ஒரு வரிக்குப் பிறகுதான்.

ஆரம்பத்தில் நிறுத்துவதற்குச் சாவியைத் திருப்பச் சொல்லிக்கொடுத்தோம். அப்போது பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, எங்கள் வீட்டு டிராக்டர் சாவிக்கெல்லாம் நிற்காது, ஸ்டியரிங்குக்குக் கீழே சிவப்புக் குமிழ் இருக்கும், அதை இழுத்தால்தான் நிற்கும் என்றாள். கண்டக்டர் சிரித்துவிட்டார். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. அடுத்த மாதமே வகுப்பில் காட்டும் டிராக்டர் படத்தில் சிவப்புக் குமிழ் ஏறிவிட்டது. இனி எங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று மூன்று பேரும் நிம்மதியானோம்.

அந்தப் பெண்ணுக்கு வக்கீல் என்று பெயர் வைத்தது நான். எண்ணெய் வழிய வாரிய தலை, ஒரு சைஸ் பெரிய சீருடை, எதைச் சொன்னாலும் ஒரு குறுக்குக் கேள்வி. ஆடு மாட்டிக்கொண்டால்? செருப்பு மட்டும் மாட்டிக்கொண்டால்? எஞ்சினுக்கும் எனக்கும் நடுவில் அப்பா நின்றால்? அவள் கையைத் தூக்கினாலே எனக்கு வீட்டுக்குப் போக லேட்டாகும் என்று எரிச்சலாக இருக்கும். அண்ணிக்கோ அவள் என்றால் உயிர். இந்த ஒருத்தி காதில் வாங்கினால் போதும் என்பாள்.

போன அறுவடைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல மாப்பிள்ளையின் கை பறந்தது, வழக்கம்போலக் கைதட்டல். அண்ணி கேள்வி கேட்டாள், எல்லாரும் கத்தினார்கள், விசில் ஒலித்தது. வக்கீல் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கையைத் தூக்கவில்லை, குறுக்குக் கேள்வியும் இல்லை. அண்ணி அவளைத் தனியாகப் பெயர் சொல்லி எழுப்பிக் கேட்டாள்.

"அப்பாகிட்ட கேட்டுட்டுதான் நிறுத்தணும்" என்றாள் வக்கீல், தரையைப் பார்த்துக்கொண்டு.

வகுப்பு முடிந்ததும் அவளை மரத்தடிக்குக் கூட்டிப்போய் விசாரித்தோம். விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரத்தை டிராக்டரோடு இணைத்து வயலில் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடைத்துக்கொண்ட சக்கையை எடுக்க அப்பா இறங்கிப் போய்க் கையை நீட்டியிருக்கிறார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இவள் ஓடிப்போய் ஏறிச் சிவப்புக் குமிழை இழுத்துவிட்டாள். நாங்கள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறாள். அதற்கு அப்பா விட்ட அறையில் காது இரண்டு நாள் கொய்யென்றதாம்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரில் அண்ணி முன்னால், நான் பின்னால், நடுவில் கையில்லாத மாப்பிள்ளை. அண்ணி திட்டிக்கொண்டே வருவாள் என்று எதிர்பார்த்தேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியும் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"நாம ஒண்ணு சொல்லிக்கொடுத்தோம், அவங்கப்பா ஒண்ணு சொல்லிக்கொடுத்தாரு. அவர் சொன்னதுதான் அவ மண்டையில நிக்கும். அடுத்த தடவை அவர் கை மாட்டும்போது இவ பாத்துக்கிட்டே நிப்பா" என்றாள். "தெரியாம நின்னா பரவாயில்ல. தெரிஞ்சும் நிப்பா. அதோட எப்படி வாழ்வா?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனாலும் என் சுபாவம் விடுமா? அதற்கு நாம் என்ன செய்ய முடியும், ஊரான் பிள்ளையை ஊரான் அடித்தான், பேசாமல் வகுப்பைக் கை கழுவிவிடலாம், எனக்கு மாதம் ஒரு கை மிச்சம் என்றேன். அண்ணி மாப்பிள்ளையைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் அவள் போன இடம் வக்கீலின் வயல். நானும் போனேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டாலும், அவள் யாரையாவது அடித்துவிடாமல் பிடிக்க ஆள் வேண்டும் என்பதுதான் நிஜம்.

வக்கீலின் அப்பா பயில்வான் மாதிரி இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியான மனிதர், முழங்கை வரைக்கும் சோளச் சக்கைத் தூசி. நாங்கள் வந்ததும் வேலையை விட்டு வந்து நின்றார், நாற்காலி இல்லை என்று வருத்தப்பட்டார். ஆனால் எஞ்சினை நிறுத்தவில்லை. அது பாட்டுக்குப் பத்தடி தள்ளி உறுமிக்கொண்டிருந்தது. அதனால் அந்தச் சண்டை முழுவதையும் காது கிழியக் கத்தித்தான் போட வேண்டியிருந்தது. பிள்ளையை அடிக்கலாமா என்று அண்ணி கேட்டது அவர் காதில் ஏறவே மூன்று தடவை ஆயிற்று. அந்த மாதிரிக் கேள்வியை மூன்று தடவை கத்தினால் அதில் இருக்கும் கம்பீரம் போய்விடுகிறது.

"அதை நிறுத்துங்களேன், பேசுவோம்" என்று அண்ணி கத்தினாள்.

"நிறுத்தினா யாரு தள்றது?" என்று அவர் கத்தினார்.

அப்போதுதான் விஷயம் விளங்கியது. வண்டியின் ஸ்டார்ட்டர் மோட்டார் எரிந்து போயிருந்தது, பேட்டரி செத்து அதற்கு முன்பே பல நாள். ராத்திரி வண்டியை வீட்டுக்குப் பின்னால் மேட்டில் நிறுத்திவைப்பார். காலையில் இறக்கத்தில் உருட்டினால் கிளம்பிவிடும். கிளம்பியதைப் பொழுது சாய்கிற வரைக்கும் நிறுத்துவதில்லை. சாப்பிடும்போதும் ஓடும், யாராவது பேச வந்தாலும் ஓடும். வக்கீல் குமிழை இழுத்த அன்றைக்கு வண்டி சமதரையில் நடு வயலில் நின்றுவிட்டது. உதிர்க்கும் இயந்திரத்தைக் கழற்றி, பக்கத்து வயல்காரர் வண்டி வந்து கட்டி இழுக்கும்வரை கூலிக்கு வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மழை வந்து குவித்து வைத்த சோளத்தை நனைத்துவிட்டுப் போயிருக்கிறது.

"அடிச்சது தப்புதான், நர்ஸம்மா. அன்னைக்கு நான் சாப்பிடலை. ஆனா நீங்க சொல்லிக்கொடுக்கறதெல்லாம் புது வண்டிக்கு. இந்தப் பக்கம் எவன் வண்டி சாவி போட்டதும் கிளம்புது?"

பழுது பார்க்க வேண்டியதுதானே என்று அண்ணி கேட்டாள். அறுவடை முடியட்டும் என்றார். போன வருஷமும் அப்படித்தான் சொன்னீர்களா என்று நான் கேட்டேன். ஆமாம் என்றார், கூச்சமே இல்லாமல். அந்த ஆளைக் கெட்டவன் என்று திட்டிவிட்டு வரலாம் என்று போனால், அதற்கும் வழியில்லாமல் போனது எனக்கு எரிச்சலாக இருந்தது.

வக்கீல் சோளக் குவியலுக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணி அவளைக் கை காட்டி அழைத்தாள். பிறகு என் பக்கம் கையை நீட்டினாள். துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டி எப்போதும் என் பையில் இருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை வாங்கி, டிராக்டரின் மட்கார்டு தகட்டில் தன் செல்போன் நம்பரைப் பெரிசாக எழுதினாள்.

"நல்லா கேட்டுக்க. அப்பா கை உள்ள போச்சுன்னா நீ நிறுத்து. யாரையும் கேக்காத. நிறுத்தினா யாரு தள்றதுன்னுதானே அப்பாவுக்குக் கவலை? நான் வந்து தள்றேன்."

அப்பா சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளை பேசுவதைக் கேட்டுச் சிரிக்கிற சிரிப்பு. நானும் சிரித்திருப்பேன், ஆனால் 'நான்' என்று அண்ணி சொன்னால் அதில் நானும் அடக்கம் என்று எனக்குத் தெரியும்.

போன் வரவே வராது என்று கண்டக்டர் அடித்துச் சொன்னார். வந்தது. ஒரு வேலை நாளில், பட்டப்பகலில் வந்தது. "உங்க மாணவி மறுபடியும் நிறுத்திட்டா. வந்து தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு வக்கீலின் அப்பா வைத்துவிட்டார். அண்ணி கட்டுப் போடும் அறையில் யாரிடமோ கெஞ்சி ஆள் மாற்றிவிட்டு சீருடையோடு வந்தாள். நான் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடை தைத்துக் கொடுக்க வேண்டிய அவசரத்தில் இருந்தேன், அப்படியே மெஷினில் போட்டுவிட்டுக் கிளம்பினேன். போன் இல்லாத கண்டக்டரைத் தேடி முடிதிருத்தும் கடையில் கண்டுபிடித்தோம். பாதி முகத்துக்கு ஷேவ் ஆகியிருந்தது. மீதியைத் துண்டால் துடைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வயலில் சத்தமே இல்லை. எஞ்சின் நின்ற அந்த இடத்தில் அப்படி ஒரு அமைதி இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. கூலிக்காரர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் டிராக்டரை விட்டுத் தூரமாக, ஓடுவதற்குத் தயாராக நின்றாள்.

என்ன நடந்தது என்று கேட்டால், ஒன்றுமே நடக்கவில்லை. அப்பா இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்கு டிராக்டரைச் சுற்றிப் போகாமல், சுழல்கிற தண்டைத் தாண்டிக் காலை வைத்திருக்கிறார். தினமும் எத்தனையோ தடவை செய்வதுதானாம். அவர் கால் மேலே போவதைப் பார்த்து இவள் குமிழை இழுத்துவிட்டாள்.

"ஒண்ணுமே ஆகலை, நர்ஸம்மா. சும்மா நிறுத்திட்டா" என்றார்.

"ஒண்ணும் ஆகாம இருக்கத்தான் நிறுத்தினா" என்றாள் அண்ணி. "இயந்திரத்தைக் கழட்டுங்க. எங்க தள்ளணும்?"

கூலிக்காரர்களுக்கு இப்படி ஒரு சினிமா கிடைத்ததில்லை. தள்ள வேண்டிய இடம் வயலின் ஓரத்து இறக்கம். மண் இளக்கம். பின்சக்கரம் என் நெஞ்சு உயரம். அண்ணி ஒரு சக்கரத்தில், நான் ஒரு சக்கரத்தில், கண்டக்டர் நடுவில் நின்று ரைட் ரைட் என்று விசில் ஊதினார். விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் தள்ளுங்கள் என்று நான் கத்தினேன். கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்த கூலிக்காரர்கள் மனசு கேட்காமல் வந்து கை கொடுத்தார்கள். அங்குலம் அங்குலமாக இறக்கத்தின் விளிம்புக்குக் கொண்டுபோய் உருட்டினோம். வண்டி இறங்கியது, அப்பா கிளட்சை விட்டார், எஞ்சின் இரண்டு தரம் இருமியது, செத்தது. இப்போது வண்டி பள்ளத்தின் அடியில் நின்றது. முன்பு சமதரையிலாவது இருந்தது.

என் கோபம் அப்போது எல்லை தாண்டிவிட்டது. அண்ணி மேல், அந்த ஆள் மேல், கடைக்காரரின் பளபளப்பான வண்டி மேல், விசில் மேல். கடைசியில் பக்கத்து வயல்காரரின் டிராக்டர்தான் வந்தது, சங்கிலி கட்டி இழுத்தது, எஞ்சின் கிளம்பியது. நாங்கள் தள்ளியதால் கால் காசுக்குப் பிரயோஜனமில்லை. அண்ணி ஒரு பக்கமாகச் சாய்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வெள்ளைச் சீருடையில் மசகு எண்ணெய் எவ்வளவு ஏறியிருக்கிறது, அது எந்தச் சோப்புக்கும் போகாது, அதற்குப் பதில் புதிதாகத் தைக்கப் போவது யார் என்று எனக்குக் கணக்கு ஓடியது.

வக்கீலின் அப்பா அவளிடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அடிக்கவில்லை. எங்களுக்கு முன்னால் எப்படி அடிப்பார்? சொம்பை எங்களிடம் கொடுத்துவிட்டு, இயந்திரத்தை மாட்டி ஓட்டத் தொடங்கினார். நாங்கள் கிளம்புகிற நேரத்தில் அவர் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தது. தண்டுக்குப் பக்கத்தில் போய்க் காலைத் தூக்கியவர், எங்களைப் பார்த்துவிட்டு, டிராக்டரின் மூக்கைச் சுற்றிக்கொண்டு நடந்து போனார். அண்ணி அதைப் பார்த்து முழங்கையால் என்னை இடித்தாள். எங்கள் தலை மறைந்ததும் தாண்டியிருப்பார் என்றேன். திரும்பும் வழியெல்லாம் எனக்கு அழுகை வந்தது. உடம்பு வலியில் இல்லை. இவ்வளவு பாடுபட்டு ஒரு மனிதனை ஒரு தடவை சுற்றி நடக்க வைத்திருக்கிறோம் என்ற ஆத்திரத்தில்.

அடுத்த சனிக்கிழமை வகுப்புக்கு டிராக்டர் வரவில்லை, கடைக்காரர் அதை விற்றுவிட்டார். வேறு அனுப்புகிறேன் என்று சொன்னதோடு சரி. அண்ணிக்கு இடுப்பில் பெல்ட். வெயிலில் நிற்க முடியாது என்பதால் வகுப்பறைக்குள்ளேயே வைத்துக்கொண்டோம். மாப்பிள்ளை புதுக் கையோடு மூலையில் சாய்ந்திருந்தான். பறக்க வைக்கத் தண்டு இல்லாததால் பிள்ளைகளுக்கு அவனைப் பார்க்கவே சலிப்பாக இருந்தது.

அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டாள். "கை நீளுறதுக்கு முன்னாடி?"

"எஞ்சின் நிக்கணும்" என்று எல்லாரும் கத்தினார்கள். விசில் ஒலித்தது. பின்வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கையைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்பாவிடம் கேட்க வேண்டாமா என்று அண்ணி அவளைச் சீண்டினாள்.

"வேணாம்" என்றாள் வக்கீல். "நிறுத்திட்டு போன் பண்ணா நர்ஸம்மா வந்து தள்ளுவாங்க."

வகுப்பே சிரித்தது. கண்டக்டர் கூடச் சிரித்தார். அண்ணியின் கண் கலங்கியதை நான் பார்த்தேன், இடுப்பு வலியால் என்று பிறகு சாதித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு பையன், எங்கள் வீட்டுக்கும் வருவீர்களா, எங்கள் வண்டியும் தள்ளினால்தான் கிளம்பும் என்றான். எங்கள் வண்டியும் என்றாள் அவனுக்குப் பக்கத்திலிருந்த பெண். ஜன்னலோரத்திலிருந்து இன்னொரு குரல் வந்தது.

அண்ணி நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தாள். "யார் யார் வீட்டு வண்டி தள்ளினாத்தான் கிளம்பும்? கையைத் தூக்குங்க."

தூக்கினார்கள். நான் முதலில் வரிசையாகப் பார்த்தேன், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டேன். தூக்காதவர்களைத் தேடுவது சுலபமாக இருந்தது. இரண்டு பேரோ மூன்று பேரோ, அவர்கள் வீட்டில் டிராக்டரே இல்லை. வகுப்பு முழுவதும் கைகள், சின்னச் சின்னக் கைகள், மை ஒட்டியவை, நகம் கடித்தவை, எல்லா விரலும் இருப்பவை.

இத்தனை வருஷமாக நாங்கள் இந்தப் பிள்ளைகளிடம் எஞ்சினை நிறுத்து, எஞ்சினை நிறுத்து என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறோம். ஒரு வீட்டில் கூட நிறுத்த முடியாது. இவர்களும் ஒவ்வொரு மாதமும் எங்கள் முகத்துக்காகத் திருப்பிக் கத்தியிருக்கிறார்கள். யாராவது ஒருவர் சொல்லியிருக்கலாமே என்று எனக்கு அந்தப் பிள்ளைகள் மேலேயே கோபம் வந்தது. யாரும் கேட்கவில்லை என்பது அடுத்த நொடி உறைத்தது, அதனால் கோபம் இன்னும் அதிகமாயிற்று. தெருவுக்குத் தெரு பேட்டரிக் கடை இருக்கிறது. பழுது பார்க்க ஆள் இருக்கிறார்கள். நாங்கள் மாதம் ஒரு பொம்மையின் கையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

அண்ணி கைகளை இறக்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் தோள் வலித்து, மறு கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். இனி எந்தச் சனிக்கிழமையும் அப்பாக்கள் வராமல் வகுப்பு கிடையாது என்று தலைமையாசிரியையிடம் சொல்லப் போவதாக அவள் கண்டக்டரிடம் சொன்னாள். வருவார்களா என்று அவர் கேட்டார். வரமாட்டார்கள் என்றாள். பிறகு கரும்பலகைக்குப் போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, தன் நம்பரை மேலே பெரிசாக எழுதினாள்.

பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டார்கள். நர்ஸம்மா டூட்டியில் இருந்தால் என்ன செய்வது என்று கேள்வி வந்தது. யாரிடமிருந்து என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணி என்னைப் பார்த்தாள். நான் மாப்பிள்ளையின் தோள் தையலைப் பரிசோதிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். எனக்குக் கடை இருக்கிறது, சீருடைகள் இருக்கின்றன, முட்டியில் இன்னும் வலி இருக்கிறது. கண்டக்டர் எழுந்து போய்ச் சாக்குக்கட்டியை வாங்கி, அண்ணியின் நம்பருக்குக் கீழே இன்னொன்றை எழுதினார். அவருக்குத்தான் போனே கிடையாதே என்று நிமிர்ந்து பார்த்தேன். எழுதியிருந்தது என் நம்பர்.

கடைசியில் எட்டு வர வேண்டிய இடத்தில் மூன்று என்று எழுதியிருந்தார். அப்படியே விட்டிருந்தால் யாரோ ஒரு புண்ணியவானுக்கு அந்த அழைப்பெல்லாம் போயிருக்கும். எழுந்து போய் அழித்துவிட்டு, எட்டு என்று நானே திருத்தினேன்.